பதினான்காவது ரீல்

மதுரை
9-2-1941, ஞாயிறு

மேனேஜர் சேக் இஸ்மாயில் சாயபு அவர்களுக்கு,

நேற்றுப் பெண்கள் காட்சிக்கு வந்திருந்தேன். இரண்டு வருஷமாக உங்கள் கொட்டகையில் பார்த்த ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கடிதம் எழுதிவருகிறேன். நீங்களும் சலிக்காமல் பதில் எழுதுகிறீர்கள். வாசலில் நின்று ஓர் ஆண்பிள்ளையோடு சினிமா பேசினால், திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய முடியாது. ஆகையால் இதுவும் தபாலில்தான்.

இந்தப் படத்தை எடுத்தவர்கள் பார்க்கிறவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிட்டார்களா? வக்கீல் புருஷன் சுகுணாவைத் தள்ளிவிடுகிறான். நெற்றி கிழிந்து ரத்தம் வருகிறது. அவள் கட்டுப் போட்டுக்கொண்டு, விளக்கைக் கையில் எடுத்து, வாசல் கதவைப் பார்க்கிறாள். அந்தப் பார்வை நன்றாக இருந்தது. கொட்டகையே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. கொட்டகையில் விளக்குப் போட்டு, அணைத்து, அடுத்த ரீல் ஓடினால், சுகுணா வேறு புடவையில் அதே புருஷனுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருக்கிறாள். நெற்றியில் கட்டு இல்லை, காயம் இல்லை, தழும்பு கூட இல்லை. இடுப்பில் வீட்டுச் சாவிக்கொத்து வேறு. பிறகு எல்லாரும் ஊஞ்சலில் உட்கார்ந்து மங்களம் பாடுகிறார்கள்.

நடுவில் என்ன நடந்தது? ஒரு பெண் கதவைப் பார்த்தால் ஒன்று திறக்க வேண்டும், அல்லது திறக்காததற்குக் காரணம் சொல்ல வேண்டும். எனக்கு ராத்திரியெல்லாம் எரிச்சல் அடங்கவில்லை.

இப்படிக்கு,
வெ. ரெங்கம்மாள்


786
மதுரை
12-2-1941

மதிப்பிற்குரிய டீச்சரம்மா அவர்களுக்கு சேக் இஸ்மாயில் எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. தாங்கள் நெற்றிக் கட்டைக் கவனித்தது போல் அதை எடுத்த டைரக்டர் கவனித்திருந்தால் அவர் இன்னும் பெரிய டைரக்டராகியிருப்பார்.

படம் எடுப்பது கதை ஓடுகிற வரிசையில் இல்லை. முன்பு ஒரு தடவை பட்டணத்தில் ஸ்டூடியோ பார்க்கப் போயிருந்தேன். சமையலறை செட்டுப் போட்டால், சமையலறையில் வருகிற முதல் காட்சியையும் கடைசிக் காட்சியையும் ஒரே நாளில் எடுத்துவிடுகிறார்கள். காலையில் கல்யாணம் ஆகாத பெண்ணாக அரிசி களைந்தவள், சாயங்காலம் அதே அடுப்பங்கரையில் பேரனுக்குச் சோறு ஊட்டினாள். எந்த நாளில் எந்தக் காயம் என்று எழுதிவைக்க ஆள் கிடையாது. மழை பெய்யும் காட்சியில் ரப்பர் குழாயைப் பிடித்திருந்தவர் இருமிவிட்டார். அந்த இருமல் இன்றும் படத்தில் இருக்கிறது. இப்படித்தான் கட்டும் மறந்துபோயிருக்கும். மற்றபடி குறை ஒன்றுமில்லை.

என் மனைவி சைனப்பும் அன்று வந்திருந்தாள். அவளுக்கு ஊஞ்சல் பாட்டுப் பிடித்திருந்ததாம்.

தங்கள் அன்பை நாடும்,
சேக் இஸ்மாயில்


மதுரை
16-2-1941

மேனேஜர் சாயபு அவர்களுக்கு,

உங்கள் இருமல் கதையை ரசித்தேன். ஆனால் நம்பவில்லை.

நேற்று மறுபடியும் வந்தேன். இந்தத் தடவை கொட்டகையில் விற்கிற பாட்டுப் புத்தகத்தையும் ஒரு பென்சிலையும் கொண்டுவந்தேன். உங்களிடம் ஒரே மெஷின்தான் என்பதால் ரீலுக்கு ரீல் விளக்கைப் போடுகிறீர்கள். ஒவ்வொரு தடவை விளக்கு எரிந்தபோதும் ஒரு கோடு போட்டேன். சுவரொட்டியில் ‘பதினாறு ரீல்’ என்று போட்டிருக்கிறது. என் கணக்கில் பதினைந்து. புத்தகத்தில் பதினெட்டுப் பாட்டு. பாடியது பதினேழு. பாடாத பாட்டுக்கு மேலே ‘சுகுணா பாடுவது. இடம்: வழி’ என்று அச்சிட்டிருக்கிறது.

வழி என்றால் அவள் வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டாள். எந்த வழியில், எங்கே போனாள்? டைரக்டர் மேல் பழி போட்டீர்களே, அந்த ரீல் உங்கள் கொட்டகையில்தானே இருக்கிறது?

ரெங்கம்மாள்


786
19-2-1941

டீச்சரம்மா அவர்களுக்கு,

பொய் எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். பதினான்காவது ரீல் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. மற்றக் காட்சிகளில் ஓடுகிறது. சனிக்கிழமை மத்தியானம் மட்டும் ஓடுவதில்லை.

படம் வந்த மறுநாள் இரண்டு பெரிய மனிதர்கள் முதலாளியைப் பார்க்க வந்தார்கள். இருவர் வீட்டுப் பெண்களும் நம் பெண்கள் காட்சிக்கு வருகிறவர்கள். பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் இருக்கிறதே, அதில் ‘சுகுணா நள்ளிரவில் இல்லம் துறக்கிறாள். மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று இருப்பதைக் காட்டினார்கள். அந்த மீதியை எங்கள் வீட்டுப் பெண்கள் காண வேண்டாம் என்றார்கள். காட்டினால் அவர்கள் வீட்டு வண்டிகள் வராது, மற்றவர்களையும் வரவிடமாட்டோம் என்றார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

சனிக்கிழமை முந்நூறு பெண்கள் வருகிறார்கள். திரை கட்டிய ஜட்கா வண்டியில் ஊரின் பழைய பகுதியிலிருந்து மைதீன் பீவியம்மா வருகிறார்கள். ஆனையூரிலிருந்து ஒச்சாயி கூடைக் கீரையை விற்று முடித்துவிட்டு நடந்தே வருகிறாள். ஊரில் இவர்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்காருகிற இடம் வேறு எங்கே இருக்கிறது? ஒரு ரீலைக் கொடுத்துக் காட்சியைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதை வெளியே சொல்ல வேண்டாம்.

சேக் இஸ்மாயில்


20-2-1941

மேனேஜர் சாயபு அவர்களுக்கு,

நீங்கள் காப்பாற்றியது காட்சியையா, உங்கள் தலையையா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

கோபத்தைவிட ஆற்றாமைதான் அதிகமாக இருக்கிறது. எனக்கு நாற்பத்து நான்கு வயது. பி.ஏ. படித்து, எல்.டி. என்கிற வாத்தியார் படிப்பும் முடித்து, இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லித்தருகிறேன். எந்த ராஜா எந்த வருஷம் எங்கே ஓடிப்போனான் என்று எல்லாம் தெரியும். ஒரு வக்கீலின் மனைவி எங்கே போனாள் என்பது மட்டும் எனக்குத் தெரியக்கூடாது. பள்ளி விடுதிக்கும் நான்தான் வார்டன். எனக்குச் சனிக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரைதான் வெளியே வர அனுமதி. மற்றக் காட்சிக்கு என்னால் வரமுடியாது.

நானும் பதினேழு வயதில் ஒரு கதவைச் சாத்திவிட்டு வந்தவள்தான். அதற்கு மேல் எழுதமாட்டேன்.

ரீலைக் காட்ட வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். ஒரு வரி விடாமல் எழுதுங்கள்.

ரெங்கம்மாள்


786
21-2-1941

டீச்சரம்மா அவர்களுக்கு,

கேட்டபடி எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

சுகுணா விளக்கைக் கீழே வைக்கிறாள். கதவைத் திறந்து வெளியே வந்து, ஓசை கேட்கும்படி அதைச் சாத்துகிறாள். இருட்டில் நடக்கிறாள். அப்போதுதான் அந்தப் பாட்டு. தூரத்தில் ரயில் கூவுகிறது. ஸ்டேஷனில் ஒரு போர்ட்டர், ‘எந்த ஊருக்கம்மா?’ என்கிறான். அவள், ‘இந்த வண்டி போகிற ஊருக்கு’ என்கிறாள்.

பெயர் தெரியாத ஓர் ஊரில் இறங்குகிறாள். அங்கே பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறாள். காயம் ஆறுகிறது. மாதங்கள் ஓடுகின்றன. காலண்டர் தாள் பறக்கிறதைக் காட்டுகிறார்கள். ஒருநாள் புருஷன் தேடிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கிறான். அவள் பார்க்கிறாள். பாடத்தை நிறுத்தவில்லை. மணி அடிக்கிற வரைக்கும் அவனை வெயிலில் நிற்கவைக்கிறாள். பிறகு வெளியே வந்து, ‘வருகிறேன். ஆனால் இனிமேல் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கும்’ என்கிறாள். அவன் சாவிக்கொத்தை எடுத்துக் கொடுக்கிறான்.

அவ்வளவுதான். அதன் பிறகுதான் தாங்கள் பார்த்த சோறு பரிமாறும் காட்சி.

சேக் இஸ்மாயில்


23-2-1941

மேனேஜர் சாயபு அவர்களுக்கு,

நீங்கள் கிழிக்கச் சொன்னதைக் கிழிக்கவில்லை. என்ன செய்தேன் என்பது இதற்குள் உங்கள் காதுக்கு வந்திருக்கும். ஆனாலும் நான் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பிறகு அதை நான் மட்டும் வைத்துக்கொண்டிருப்பது தவறு என்று பட்டது. நேற்றுப் பதின்மூன்றாவது ரீல் முடிந்து விளக்கு எரிந்ததும் பெஞ்சின் மேல் ஏறி நின்றேன். ‘இங்கே ஒரு ரீலை நமக்குக் காட்டாமல் விடுகிறார்கள். அதில் இருப்பதைப் படிக்கிறேன்’ என்றேன்.

முதலில் சிரித்தார்கள். சுகுணா கதவைச் சாத்தும் இடம் வந்ததும் சத்தம் அடங்கியது. மைதீன் பீவியம்மா முகத்திரையைத் தூக்கிவிட்டு, “சத்தமா வாசிங்க டீச்சர், பின்னாடி கேக்கல” என்றார்கள். அதற்குள் உங்கள் ஆபரேட்டர் உக்கிரபாண்டி விளக்கை அணைத்து அடுத்த ரீலை ஓட்டிவிட்டார். ஒச்சாயி எழுந்து மெஷின் ரூமைப் பார்த்து, “அட இருய்யா, அவ இன்னும் ஊரு போய்ச் சேரல” என்று கத்தினாள். மெஷின் நின்றது. விளக்கு மறுபடி எரிந்தது. உக்கிரபாண்டிக்கு என் நன்றி.

புருஷனை வெயிலில் நிற்கவைக்கும் இடத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னார்கள். அதன் பிறகு அதே சோறு பரிமாறும் காட்சி ஓடியது. அதே படம்தான். ஆனால் அவள் இடுப்புச் சாவி ஆடும்போது முந்நூறு பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படி ஒரு சிரிப்பை நான் எந்தக் கொட்டகையிலும் கேட்டதில்லை.

உங்கள் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு வருத்தமும் இல்லை.

ரெங்கம்மாள்


786
1-3-1941

டீச்சரம்மா அவர்களுக்கு,

தாங்கள் என் பெயரைச் சொல்லவில்லை. என் கையெழுத்தை முதல் பெஞ்சில் இருந்த பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். அதில் என் மனைவியும் ஒருத்தி. வீட்டுக்கு வந்து அவள் கேட்ட முதல் கேள்வி, ‘எனக்கு ஏன் சொல்லல?’ என்பது.

அந்த இரண்டு பெரிய மனிதர்கள் திங்கட்கிழமையே வந்தார்கள். இந்த வாரம் முதல் பெண்கள் காட்சி கிடையாது. இன்று இரண்டு மணிக்குக் கொட்டகை வாசலில் பலகை மாட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே நின்று சொன்னேன். ஒச்சாயி பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இம்புட்டுத் தூரம் நடந்து வந்தேன் அண்ணே” என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

இனிப் படங்களைப் பற்றித் தாங்கள் எழுதவும் வழியில்லை, நான் படிக்கவும் வழியில்லை. திருப்திதானே?

சேக் இஸ்மாயில்


திருமங்கலம்
20-4-1941

மேனேஜர் அவர்களுக்கு,

கோடை விடுமுறைக்குத் திருமங்கலத்தில் தங்கை வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கே டூரிங் கொட்டகையில் அதே படம் வந்திருக்கிறது. தங்கை குடும்பத்தோடு போனேன். பதினாறு ரீலும் ஓடியது.

பதினான்காவது ரீலில் இருப்பதை இப்போது நான் உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு வரி விடாமல்.

சுகுணா கதவைத் திறந்து வெளியே வருகிறாள். கோயிலுக்குப் போகிறாள். வழியெல்லாம் பாடுகிறாள். புருஷனுக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று உருண்டு பிரதட்சிணம் செய்துவிட்டு விடிவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். அவன் காய்ச்சலில் படுத்திருக்கிறான். மாமியார் ரயிலில் வந்து இறங்குகிறாள். அந்த ரயில்தான் கூவுகிறது. சுகுணா புருஷன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள். நெற்றி கிழிந்தவள் மன்னிப்புக் கேட்கிறாள்! அவள் வெளியே வந்ததும் கதவைச் சாத்துகிறவன் அவன், அவள் அல்ல. ‘இவள்தான் உத்தமி’ என்று மாமியார் சாவியைக் கொடுக்கிறாள். நெற்றிக் கட்டு எங்கே போயிற்று என்பதற்கு இந்த ரீலிலும் பதில் இல்லை.

ஸ்டேஷன் இல்லை. போர்ட்டர் இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. வெயில் இல்லை. இந்த ரீலுக்காகவா நீங்கள் தலையாட்டினீர்கள், நான் பெஞ்சில் ஏறினேன், முந்நூறு பேர் தங்கள் சனிக்கிழமையை இழந்தார்கள்?

எதற்காகப் பொய் எழுதினீர்கள்? என்னைத் திருப்திப்படுத்தவா? பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஒருத்தியைக் கதையில் செருகினால் நான் மகிழ்ந்துபோவேன் என்றா? மகிழ்ந்துதான் போனேன். அதுதான் தாங்க முடியவில்லை.

ரெங்கம்மாள்


786
மதுரை
24-4-1941

டீச்சரம்மா அவர்களுக்கு,

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று.

எந்தப் படத்துக்கும் பதின்மூன்றாவது ரீல் தொடங்கும்போது நான் டிக்கெட் சன்னலுக்குப் போயாக வேண்டும். அடுத்த காட்சிக்கு ஆள் நிற்கும். மங்களம் பாடும்போது கதவு திறக்க ஓடிவருவேன். நடுவில் உள்ளதைச் சன்னலில் இருந்து காதால் கேட்பதோடு சரி. பதினோரு வருஷமாக மேனேஜராக இருக்கிறேன். ஒரு படத்தின் முடிவைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். தாங்கள் கடிதம் எழுத ஆரம்பித்த பிறகுதான், ஒவ்வொரு படத்திலும் கடைசியில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவந்தது. அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் தபாலை நினைத்துக்கொண்டிருப்பேன்.

இந்தத் தடவை தாங்கள் என்னிடம் முடிவைக் கேட்டீர்கள். நான் யாரிடம் கேட்பது? உக்கிரபாண்டியிடம் கேட்டேன். அவர் பார்ப்பது மெஷின் விளக்கில் கார்பன் குச்சி எரிகிறதா என்பதைத்தான். “என்னமோ நடக்குறா, பாடுறா, அழுகுறா அண்ணே” என்றார். எனக்குக் கதவுச் சத்தம் தெரியும், பாட்டுத் தெரியும், ரயில் கூவுவது தெரியும், கடைசியில் இடுப்புச் சாவி தெரியும். இவற்றை வைத்து மீதியை நானே எடுத்தேன். அந்தப் பெரிய மனிதர்களும் ரீலைப் பார்க்கவில்லை, பாட்டுப் புத்தகத்தைத்தான் பார்த்தார்கள். யாரும் பார்க்காத ஒரு ரீலுக்காக நாம் எல்லாரும் சண்டை போட்டிருக்கிறோம்.

தங்கள் கடிதத்தை முதலாளியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் திருமங்கலம் கொட்டகையிலிருந்து அந்த ரீலை ஒரு பகலுக்கு இரவல் வாங்கி, பெரிய மனிதர்களை அழைத்து முதல் தடவையாகப் போட்டுக் காட்டினார். மாமியார் சாவி கொடுக்கும்போது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதை ஊர்ப் பெண்கள் எல்லாரும் அவசியம் பார்க்க வேண்டும் என்றார்கள்.

ஆகவே ஜூனில் படத்தை மறுபடி வரவழைத்துப் பெண்கள் காட்சியைத் திறக்கச் சம்மதம். ஒரே நிபந்தனை. தாங்கள் அன்று படித்தது படத்தில் இல்லாதது என்றும், சுகுணா வீட்டை விட்டுப் போகவில்லை என்றும் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டுமாம். நான் கேட்கவில்லை. அவர்கள் கேட்பதைத் தெரிவிக்கிறேன்.

சேக் இஸ்மாயில்


28-4-1941

கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் உள்ளது அத்தனையும் உண்மை. இருபது வருஷத்தில் இவ்வளவு சுலபமான உண்மையை இவ்வளவு கசப்போடு எழுதியதில்லை. சனிக்கிழமையைத் திறக்கச் சொல்லுங்கள்.

ரெங்கம்மாள்


மதுரை
15-6-1941, ஞாயிறு

மேனேஜர் சாயபு அவர்களுக்கு,

நேற்று நீங்கள் வழக்கம்போல் டிக்கெட் சன்னலில் இருந்திருப்பீர்கள். உள்ளே நடந்ததை எழுதுகிறேன்.

எல்லாரும் வந்திருந்தார்கள். கூட்டம் முன்பைவிட அதிகம். புதிதாக வந்தவர்களுக்கு ஒச்சாயி முன்கூட்டியே கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ரயில், போர்ட்டர், வெயில் எல்லாம் சொன்னாள். வெயிலில் அவன் செருப்பில்லாமல் நின்றதாகச் சொன்னாள். அது உங்கள் கடிதத்தில்கூட இல்லை.

பதினான்காவது ரீல் ஓடியது. சுகுணா கோயிலுக்குள் நுழைந்ததும் முணுமுணுப்புத் தொடங்கியது. புருஷன் காலில் விழுந்தபோது யாரோ, “எந்திரிடீ” என்றார்கள். மாமியார் சாவியை நீட்டினாள். மைதீன் பீவியம்மா எல்லாருக்கும் கேட்கும்படி, “எந்த ஊருல மாமியா தானா சாவியத் தூக்கிக் குடுத்துருக்கா?” என்றார்கள். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. ரீல் முடிந்து விளக்கு எரிந்தது. ஒருவரும் முறுக்கு வாங்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.

“இது அவுக எடுத்த ரீலு டீச்சர்” என்றாள் ஒச்சாயி. “நம்மள ஏமாத்தப் புதுசா எடுத்து ஒட்டிருக்காக. நீங்க வாசிச்சத எங்க ஒளிச்சு வச்சிருக்காக?”

நான் எழுந்து நின்றேன். இந்தத் தடவை பெஞ்சின் மேல் ஏறவில்லை. படத்தில் உள்ளது இந்த ரீல் ஒன்றுதான், நான் படித்தது யாரும் எடுக்காத படம், இதுதான் உண்மை என்றேன். பள்ளிக்கூடத்தில் பேசுகிற குரலில்தான் சொன்னேன். அந்தக் குரலுக்கு எந்தப் பிள்ளையும் எதிர்த்துப் பேசியதில்லை.

ஒச்சாயி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாக இல்லை, பாவப்பட்டுப் பார்த்தாள்.

“உங்ககிட்டயும் கையெழுத்து வாங்கிட்டாகளா டீச்சர்?” என்றாள்.

அவளுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. நான் உட்கார்ந்துவிட்டேன். உக்கிரபாண்டி அடுத்த ரீலைப் போட்டார். யாரும் திரையைப் பார்க்கவில்லை.

வரும் சனிக்கிழமை காட்சிக்கு முன்னால் அவர்கள் எல்லாரும் உங்கள் அறைக்கு வருகிறார்கள், நான் படித்த ரீலைக் கேட்டு. முகத்திரை போட்டவர்களும் வருகிறார்கள், உங்கள் சைனப்பும் வருகிறாள். இல்லாத ரீலை எப்படித் தருவேன் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். அவர்கள் நம்பமாட்டார்கள்.

ரெங்கம்மாள்